சிலுவை இல்லாத பாதி

அந்த ஜெர்மன் கார்ப் பந்தய ஓட்டுநர் எங்கள் நகரத்தில் வெல்வதெல்லாம் அப்பா ஒப்புக்கொடுக்கும் பூசையால்தான் என்று எங்கள் வீட்டில் நம்பியிருந்தோம். காருக்கும் அதில் சிறிது பங்கு இருக்கக்கூடும் என்று அம்மா மட்டும் சொல்வார்.

கனடாவுக்கு வருமுன் அப்பா சில ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்தவர். சிறுவர்கள் குட்டிக் கார்களை ஓட்டிப் பழகும் ஒரு திடலில், வளைவுகளில் பழைய டயர்களை அடுக்குவது அவருடைய வேலை. அங்கு எல்லோரும் பேசிக்கொண்ட அந்த இளம் ஓட்டுநரை அப்பா ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. ஆயினும், பின்னாளில் அந்த ஓட்டுநர் சிவப்புக் காரில் ஊர் ஊராக வென்றபோது, "எங்கட ஆள்" என்றே சொல்வார். அதற்கும் முன்பே அந்த ஓட்டுநரின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த தம்பிக்கு அனுப்பிவைப்பாராம். அந்தச் சித்தப்பா போர்க்காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. நான் பிறக்குமுன் நடந்தது அது.

ஜூன் மாதத்தில், ஆற்றுத் தீவில் பந்தயம் நடக்கும் ஞாயிறன்று, அப்பா தமிழ்ப் பூசையில் வாசிக்க ஒரு துண்டுத் தாள் எழுதிக் கொடுப்பார். அதில் எப்போதும் இரண்டு பெயர்கள்: அந்த ஓட்டுநர், சித்தப்பா.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் அப்பாவின் விரல் வெட்டுப்பட்டிருந்தது. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. துண்டு இரண்டு பாதியாக இருந்தது. மேல் பாதியில் வெறும் கோடுகள். கீழ்ப் பாதியின் ஓரத்தில் ஒரு சிறிய சிலுவை. சிலுவை உள்ள இடத்துக்கே வல்லமை கூட என்று நான் தீர்மானித்தேன். முதல்நாள் தகுதிச்சுற்றில் ஓட்டுநர் பின்தங்கியிருந்ததால் வல்லமை அவசரமாகத் தேவைப்பட்டது. இரண்டு பெயர்களையும் அங்கேயே, என் மிக அழகான கையெழுத்தில் எழுதினேன்.

எங்கள் பங்குக் குருவாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அன்று வந்தவர் வேறு நகரத்தவர். சிலுவை உள்ள பாதியைப் பார்த்து, மரித்த நம் சகோதரர்களுக்காக மன்றாடுவோம் என்று தொடங்கி, அந்த ஜெர்மன் பெயரை இரண்டு முறை திக்கி வாசித்தார். பின்வரிசை அண்ணன்மார் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்துச் சித்தப்பாவின் பெயர். சிரிப்பு நின்றது.

அப்பா எழுந்தார். தொழிற்சாலை மேலாளர் முன்னும் என் ஆசிரியை முன்னும் குரல் எழாத மனிதர் அவர்.

"ஃபாதர், மன்னிக்கவேணும். அந்த ரெண்டு பேரும் உயிரோடை இருக்கினம்."

குரு தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு இரு பெயர்களையும் உயிரோடிருப்போருக்கான மன்றாட்டில் மீண்டும் வாசித்தார். வாசித்து முடியும்வரை அப்பா உட்காரவில்லை.

வாசலில் மாமா காத்திருந்தார். "அத்தான், உங்கட ஆளைக் காலமையே அனுப்பிப்போட்டினம். இனிப் பின்னேரம் கார் ஆர் ஓடுறது?"

"இவளிட்டை எழுதக் குடுத்த உங்களைச் சொல்லவேணும்," என்றார் அம்மா, அப்பாவின் முகத்தைப் பாராமல்.

நான் அழத் தயாராக இருந்தேன். அப்பா கட்டுப்போட்ட கையை என் தலையில் வைத்தார். "எழுத்து நல்ல வடிவு, பிள்ளை. அடுத்தமுறை மேல் பாதியிலை எழுதம்மா."

பிற்பகல் பந்தயத்தில் சிவப்புக் கார் ஒவ்வொன்றாக முந்தி வந்தது. கடைசிச் சுற்றில் அப்பா தொலைக்காட்சிக்கு முன் எழுந்து நின்றார், காலையில் மாதா கோயிலில் நின்றது போலவே. கோட்டைக் கடந்ததும் மாமா கத்தினார்: "செத்த மனிசன் முதலாவதா வந்திட்டார்!" அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் தவறு எப்படியோ வெற்றியாகிவிட்டது என்று எனக்கும் நிம்மதி.

மறுநாள் வகுப்பில் பிரெஞ்சில் அறிவித்தேன்: ஒரு கார் ஓட்டுநருக்காக என் அப்பா பூசையையே நிறுத்தினார். அந்தப் பெருமை எனக்குப் பல ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. சிரிப்பு ஏன் இரண்டாவது பெயரில் நின்றது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த ஓட்டுநர் ஓய்வு பெற்ற பின்னும் ஜூன் மாதத் துண்டு தொடர்ந்தது, ஒரே பெயரோடு. இப்போது அப்பாவின் பெயர் சிலுவை உள்ள பாதியில் இருக்கிறது. மேல் பாதியில் சித்தப்பாவின் பெயரை எழுத, வீட்டில் நான் இருக்கிறேன்.