பாலா அண்ணையின் ஹனிபெரிச் செடியும் ஒரு பழைய சீலையும்

பாலா அண்ணை போயிட்டார்.

காலமை ஷிப்ட் முடிஞ்சு வெளியில வர, அவற்றை மனுசி, அக்கா போன் எடுத்தா. "தம்பி, அவர்…"

லண்டன் ஹரோவில, கவுன்சிலிட்டை வாடகைக்கு எடுத்த எங்கட அலாட்மென்ட் தோட்டத் துண்டுகள் பக்கத்துப் பக்கத்திலை. பாய் விரிக்கிற அளவு நிலம்தான்… ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் வரம்பில நிண்டு கதைச்சால், சக்கரவர்த்திமார் எல்லை பிரிக்கிற மாதிரி இருக்கும்.

கன காலம் ஜெர்மனியில இருந்திட்டு லண்டன் வந்த மனுசன். ஒருநாள் விளக்குமாத்துக் குச்சி மாதிரி ரெண்டு கன்றோட வந்தார். "இது ஹனிபெரி. நீலப் பழம் காய்க்கும். ரெண்டும் வேற வேற வகை. ஒண்டு உமக்கு, ஒண்டு எனக்கு. தனிய நிண்டால் காய்க்காது."

"சாதகம் பாத்தாச்சோ அண்ணை?"

"பொருத்தம் தேனீ பாக்கும். நீர் வாயைப் பொத்திக்கொண்டு கிடங்கைக் கிண்டும்."

தன்ரை செடிக்குத் துணையாய் அடியில ஸ்ட்ரோபெரியும், வெங்காயத்தாள் மாதிரியான சைவ்ஸும் வைச்சார். நான் விடுவனோ? வெந்தயம், சின்ன வெங்காயம், மிளகாய்க் கன்று… "துணை வைக்கச் சொன்னால் நீர் குழம்பெல்லோ வைக்கிறீர்!"

முதன்முதல் பூத்த வருசம், குருவிக்கும் கண்ணூறுக்கும் பயந்து, மனுசியின்ர பழைய சீலையால என்ரை செடியைத் தலை தெரியாமல் மூடிக் கட்டினன்.

ஆர்ச்வே கோயில் முருகனுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "பூவை மூடினால் தேனீ எதால போறது? அதுக்கும் விசா வேணுமோ?"

அந்த வருசம் எனக்கு ஒரு பழம் இல்லை. அவருக்கும் இல்லை! லண்டன் முழுக்கச் சொல்லித் திரிஞ்சார்.

இந்தப் பனிக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. இனி ஏலாதெண்டு நிலத்தைத் திருப்பிக் குடுத்திட்டார். கடைசியாய்ப் பாக்கப் போனபோதும் கேட்டது, "பூத்திட்டுதோ?"

"மொட்டுத்தான் அண்ணை. மகாராணியே படையோட வந்தாலும் உங்கட செடியில ஒரு இலை அசைய விடமாட்டன்." கண்ணை மூடிக்கொண்டு சிரிச்சார்.

இண்டைக்கு நேர அங்கதான் போனன். அவற்றை செடி பூத்திருக்கு. வெளிர் மஞ்சளில, குட்டிக் குட்டியாய்…

நிலத்துக்குப் புது ஆள் சனிக்கிழமை வாறார். அந்த மூலையில ஷெட் போடப் போறாராம். விட்டால் வெட்டுப்படும். பூத்த நேரத்தில வேரோட கிளப்பினால் தப்புமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ… பயப்பிடுத்தாமல் சொல்லுங்கோ.

மகாராணியின்ர படையைத் தடுக்க நிண்ட வீரன், மண்வெட்டியை எடுக்கிறதும் வைக்கிறதுமாய் நிக்கிறன்.

அக்காவைக் கேட்டன். "கொண்டு போங்கோ தம்பி. உங்கட செடிக்குப் பக்கத்தில வையுங்கோ."

நாளைக்குக் கிளப்பிறன் அண்ணை. வேரை மண்ணோட அந்தச் சீலையிலதான் சுத்தித் தூக்குவன்.

பூவை மூடமாட்டன்.

போயிட்டு வாங்கோ.