உட்கார்ந்தால் எட்டும் உயரம்

கோழி கூவியதும் குஞ்சம்மாள் கால் இல்லாதவளாகிவிடுவாள். ஒரு மணி நேரம்தான். சாக்குத் துண்டின் மேல் உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி நகர்ந்து அடுப்பைப் பற்றவைப்பாள், பானையைச் சாய்த்துத் தண்ணீர் மொள்ளுவாள், வாசல்வரை பெருக்குவாள். வெயில் ஏறிய பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே களை எடுக்கப் போவாள்.

வடக்கனந்தலுக்கு இது தினப்படி வேடிக்கை. "நல்லா இருக்கிற காலுக்கு இப்பவே எழவு கொண்டாடுறியே" என்பாள் எதிர்வீட்டு ஆயம்மாள்.

"போறப்போ அது சொல்லிகினா போவும்? நாமதான் கத்துகினு இருக்கணுங்க்கா."

இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இரண்டு வருஷத்தில் நடை நின்றுவிடும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்த ஒத்திகை. வயது நாற்பதுதான். வலி எப்படி என்று கேட்டால், "உள்ள ஒருத்தன் அம்மி கொத்திகினு இருக்கான்" என்பாள். அதனால் புருஷன் செல்லமுத்து காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "இன்னிக்கி எத்தினி பேருடி?" என்பான். ஒருத்தன் என்றால் வேலைக்குப் போவாள். மூன்று பேர் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அன்றைக்கு அவளிடம் சிரிப்பு கேட்டு யாரும் போகக்கூடாது.

வீட்டில் மேலே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். உறி, கொடிக்கயிறு, கண்ணாடி. முருகன் படமே இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. ஆறடிச் செல்லமுத்து மீசை பார்க்க மண்டி போட வேண்டும். காலியான பரணில் கோழி குடியேறிக்கொண்டது. அந்த வீட்டில் உயர்ந்தது அது ஒன்றுதான்.

தாழ்ப்பாள் மட்டும் கதவின் நெற்றியிலேயே இருந்தது. செல்லமுத்து அதைத் தொட விடவில்லை.

"மத்தது உன் இஷ்டம். அத்த எறக்குனா நீ உக்காந்தே பூடுவ."

"கதவத் தொறக்க உன்ன எதிர்பாத்துகினே கெடக்கணுமாய்யா?"

"கெடயேன். நான் எங்க போறேன்?"

போனான். புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழிநெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. அவளுடைய வலி மாத்திரையோ தீர்ந்திருந்தது. "போலீஸ் வருதாம், தாப்பாப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனவன், பொழுது சாயும்போது மரங்களைத் தாண்டித் தாண்டி வந்து கதவைத் தட்டினான்.

"இருய்யா. வுழுந்துட்டேன்" என்றது உள்ளிருந்து அவள் குரல்.

"எப்போடி?"

"மத்தியானம். எத்தினி பேருன்னு கேக்காத. ஊரே வந்து இடுப்புல மறியல் பண்ணிகினு இருக்குது."

"கதவ ஒடைக்கட்டுமா?"

"ஒடைச்சா வேற கதவு நீயா செஞ்சி தருவ? இரு, வரேன்."

அவன் இருந்தான். கை ஊன்றி நகரும் ஓசை. சுவரில் நகம் பிறாண்டும் ஓசை. பிறகு பொத்தென்று விழும் ஓசை. மறுபடியும் முதலிலிருந்து. தாழ்ப்பாள் ஒருவழியாக விலகியபோது, அவன் கையில் மாத்திரைப் பொட்டலம் கசங்கிப்போயிருந்தது.

மறுநாள் கோழி கூவியது. சாக்கில் உட்கார்ந்தவள் பக்கத்தில், உளியோடு வந்து அவனும் தரையில் உட்கார்ந்தான். அவள் வலக்கையைப் பிடித்துக் கதவின் மேல் நீட்டிவைத்தான். விரல்நுனி தொட்ட இடத்தில் தாழ்ப்பாளுக்குக் கரித்துண்டால் கோடு இழுத்தான். வலியில் சுளித்திருந்த அவள் முகத்தைப் பார்த்தான். கோட்டைப் புறங்கையால் அழித்து, இரண்டு விரற்கடை கீழே இறக்கி மறுபடியும் போட்டான்.