தம்பி எழுதாத வரிகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதைச் சொன்னவள் என் சிநேகிதி. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்ததும் பட்டப்பகலில், அவள் அலுவலகத்தில்.

அவளும் தம்பியும் எழுதிக்கொள்ளத் தனி வழி வைத்திருந்தார்கள். அவரவர் கணினியில் ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. மனதில் பட்டதை அதில் ஒரு வரி எழுதினால், எழுதிய நேரத்தோடு மற்றவர் திரைக்கு வந்துவிடும். நடுவில் எந்த நிறுவனமும் கிடையாது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்கவும் முடியாது. தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். பெரும்பாலும் மேலாளரின் குறட்டையைப் பற்றித்தான் எழுதுவான்.

அன்று மதியம் 3:12. அவன் கோப்பில் புது வரி.

"கதவு சாத்திக்கிச்சு."

விளையாடுகிறான் என்று விட்டுவிட்டாள்.

3:15. "உள்பக்கம் கைப்பிடி இல்ல."

3:19. "கை மரத்துப் போச்சு... யாராவது வாங்க."

அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"கேன்டீன்லக்கா. டீ குடிச்சிட்டிருக்கேன். ஏன்?"

"அப்போ உன் கோப்புல யார் எழுதறா?"

"காலையிலேர்ந்து நான் அதைத் தொடவே இல்லையே."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே... 3:22.

"நாலாம் அறை."

வாசித்துக் காட்டினாள். அவன் குரல் இறங்கிவிட்டது.

"இங்க மூணு அறைதான்க்கா."

போனை வைக்காமலே ஓடினான். மூன்றையும் திறந்தான். ஆள் இல்லை. மூன்றாவதற்கு அடுத்து வெறும் சுவர்.

"தட்டிப் பாருடா."

டொக்... டொக்... போனில் அவளுக்கே கேட்டது.

பிறகு... சுவருக்கு அந்தப் பக்கமிருந்து...

டொக். டொக்.

தம்பி சுவரில் காதை வைத்தான். போனில் அவன் மூச்சு இரைந்தது.

3:31. "தட்டறது கேக்குது. திறங்க."

அதையும் வாசித்தாள். எதைத் திறப்பது? கதவே இல்லையே. அவன் வெறுங்கையால் அடித்தான். அவள் போனைக் காதோடு அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

3:40. "போயிடாதீங்க..."

அவ்வளவுதான். அதன்பின் வரியே இல்லை.

தம்பி அந்த வாரமே வேலையை விட்டான். கிளம்பும்போது பழைய காவலாளியிடம் கேட்டான். நாலாம் அறை ஒன்று இருந்ததாம். இருபது வருடம் முன்பு ஒரு மெக்கானிக் உள்ளே மாட்டி இறந்துபோக, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம்.

"அவர் சத்தம் கொடுக்கலையா?"

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தட்டினான். எல்லாருக்கும் கேட்டுச்சு தம்பி. மோட்டார் சத்தம்னு நெனச்சோம்."