பெற்றோல் மணத்த கல்யாணக் கார்

சென்ற புதன்கிழமை மாலை எக்கெபர்க் மேட்டுக்கு ஏறும் சாலையோரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கோடை வந்தால் இந்த ஒஸ்லோவில் பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் அந்த மேட்டில் கூடுவார்கள். ஒவ்வொரு காரும் ஒரு வள்ளம் அளவு இருக்கும். பஸ் பிந்தியதால் எண்ணத் தொடங்கினேன். பதினேழு போயிற்று. பதினெட்டாவது, பின்பக்கம் மீன் செட்டைபோல் நீண்ட வெளிர்பச்சைக் கார், சிவப்பு விளக்குக்கு என் முன்னால் வந்து நின்றது. ஓட்டியவர் என் வயதுக்காரர். தொப்பியைத் தொட்டுச் சிரித்தார். நானும் கையை உயர்த்தினேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. புகையின் மணம் அல்ல. எரியாத பச்சைப் பெற்றோலின் மணம். என்னை அறியாமலே நாலு எட்டுப் பின்னால் போய் வேலியில் முட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண் பதறிப்போய், சுகமில்லையா என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்குப் பயப்படுவதில் எனக்கு எழுபத்தாறு வருடப் பழக்கம்.

எண்ணுவதும் அந்தப் பயத்தின் பிள்ளைதான். ஊரில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் வந்த பழக்கம் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமானம் ஏறும்போது இருக்கை வரிசைகளை எண்ணுவேன், லிப்டில் போகும்போது மாடிகளை எண்ணுவேன், சுரங்கப் பாதைக்குள் ரயில் நுழைந்தால் விநாடிகளை எண்ணுவேன். எண் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது என்று ஒரு நம்பிக்கை. படித்தவன் சொல்லக்கூடிய கதையா இது என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டு மேலே வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெற்றோல் மணம் பயமாக இருந்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வாடகைக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்டின், மொரிஸ் மைனர் என்று எங்கள் அப்பாமாரின் காலத்துக் கார்கள். ஆனால் மண்ணெண்ணெயில் கார் முதலில் பற்றாது. சாரதி மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்பார். மூடியைத் திறந்து இரண்டு கரண்டி எஞ்சினுக்குள் ஊற்றிப் பற்றவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பிறகு ஊர் முழுக்க வெள்ளைப் புகையும் கண்ணெரிவும்தான். ஆனபடியால் மருந்துப் போத்தல் திறந்து அந்த மணம் வந்தால் எல்லோர் முகமும் மலரும். இன்றைக்குக் கார் வெளிக்கிடும், பிள்ளைப்பேற்றுக்காரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவாள், மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன் போய் இறங்குவார் என்று அர்த்தம். ஒருவர் மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவருக்கு இடம் விட்டுக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு காரை ஓட்டியவன்தான் அருள். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் எனக்கு முன்னமே ஒஸ்லோவுக்கு வந்துவிட்டான். நான் வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கிய முதல் மாரியில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் ஒரு பென்னம்பெரிய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். திராமன் நகரப் பக்கத்துக் கிழவர் ஒருவரிடம் வாங்கியதாம். எந்தக் கம்பனிக் கார் என்று சொல்லமாட்டேன். அதன் மேல் இன்றைக்கும் பக்தியோடு இருப்பவர்கள் உண்டு. என் காலடியால் அளந்தேன்: இருபத்தொரு அடி. சாம்பல் தட்டுகள் மட்டும் நாலு. முன் இருக்கை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாங்கு மாதிரி ஒரே நீளம்; மூன்று பேர் இருந்தும் முழங்கை முட்டாது.

"மாஸ்டர், இது கார் இல்லை, கோயில் தேர்," என்றான் அருள்.

"தேரை இழுக்க ஆக்கள் வேணுமே?"

"ஏன், பனி கொட்டட்டும். நீங்களெல்லாம் எதுக்கு இருக்கிறியள்?"

உண்மைதான். அந்த மாரியில் ஏழு தடவை தள்ளினேன். ஆனால் அந்தக் காரில் இருக்கும்போது ஒரு பெருமை. ஃபோர்னேபு விமான நிலையத்தில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களைப் பதின்மூன்று தடவை அதில்தான் ஏற்றி வந்தோம். மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் அந்தப் பின் இருக்கையில் சாய்ந்ததும், நாங்கள் இங்கே பெரிய ஆட்கள் என்று நம்பிவிடுவார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

பதின்மூன்றாவதாக வந்தவள் மாலா. அருளின் மைத்துனன் யோகனைக் கட்டுவதற்காகத் தனியாக வந்தவள். வந்து ஐந்தாம் நாள் கல்யாணம். ஸ்தோவ்னரில் ஒரு மண்டபம். எங்கள் மாடியிலிருந்து பெண்ணை அங்கே அழைத்துப்போக அருளின் கார். அந்த நாளில் இங்கே வயதானவர்கள் கிடையாது. மாலாவின் பெரியம்மா ஒருவர்தான் மூத்தவர், அவருக்கும் ஐம்பது ஆகவில்லை. சடங்கு எல்லாம் ஆளுக்கொரு நினைவில் நடக்கும். தேசிக்காயைக் கார்ச் சில்லுக்குக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் கொளுத்துவதா, கொளுத்திவிட்டு வைப்பதா என்று காலை ஏழு மணியிலிருந்து தகராறு.

மே மாதம். வெயில் இருந்தது, ஆனால் ஒன்பது பாகை. கார் சரிவில், முன்பக்கம் இறக்கத்தைப் பார்த்தபடி நின்றது. பூ ஒட்டுவதற்காகப் பின்பக்கம் போனபோது மணம் வந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஈரம்.

"அருள், பெற்றோல் மணக்குது."

"மணக்காமல் பின்னை? விடியவே ராங்க் நிறையப் பெற்றோல் அடிச்சனான். ஊரிலை இந்த மணத்துக்குத் தவம் கிடந்திட்டு இஞ்சை வந்து மூக்கைப் பொத்துறியளே, மாஸ்டர்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மூச்சை இழுத்து, "ஆகா, கொழும்பு சென்ற் வாசம் தோத்துது," என்றான்.

"கீழை ஈரமாக் கிடக்குது."

"அது ஏசித் தண்ணியப்பா. அமெரிக்கன் காரெண்டால் சும்மாவே?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நல்ல காரியம். உங்கடை வாயை வைச்சிடாதேங்கோ."

வாயை வைப்பது என்பது எங்கள் ஆட்களிடம் சின்னக் குற்றம் அல்ல. நான் எதையாவது பயந்து சொல்லி அது நடந்துவிட்டால், நடந்ததற்கும் நான்தான் காரணம். அந்தப் பெயர் எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது பாகைக் குளிரில் யார் ஏசி போடுவார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தபோது மாலா முப்பத்தாறு படிகளையும் இறங்கி வந்து காரில் ஏறிவிட்டாள். இருபுறமும் இரண்டு பெண்கள். கதவுகள் அடைபட்டன. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். பெரியம்மா தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு, ஊரில் செய்வதுபோல, எரியும் கட்டியைக் காருக்கு முன்னால் தார்ச் சாலையில் சரித்துவிட்டார்.

நான் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஈரம் கோடாகி, சரிவில் முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. இடது முன் சில்லைத் தாண்டிவிட்டது. நெருப்புக்கும் அதற்கும் நாலு சாண். ஒரு கூழாங்கல்லைச் சுற்றி வந்தது. மூன்று சாண். வாயைத் திறந்தேன்; அருள் சொன்னது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். கண்ணாடிக்குள் மாலாவின் முகம் தெரிந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் அழுவதுதானே என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு சாண்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. சப்பாத்துக் காலால் அந்தக் கற்பூரத்தை மிதித்தேன். ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை.

பத்தொன்பது பேர் நின்றார்கள். எல்லோர் கண்ணும் என் சப்பாத்தில்.

"என்ன வேலை செய்யிறியள் மாஸ்டர்!" பெரியம்மா தட்டோடு முன்னால் வந்தார். "என்ரை பிள்ளை வெளிக்கிடேக்கை காலாலையே அணைக்கிறது? சப்பாத்தோடை! உங்களுக்கு அறிவில்லையே?"

"பெற்றோல்," என்றேன். நிலத்தைக் காட்டினேன்.

எல்லோரும் அருளைப் பார்த்தார்கள். அவன் குனிந்து விரலால் ஈரத்தைத் தொட்டான். முகர்ந்தான். எனக்கு இன்றைக்கும் அந்த இடைவெளி நினைவிருக்கிறது, ஆறு விநாடி. எழுந்து விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

"தண்ணிதான். நேரம் போகுது, வெளிக்கிடுவம்."

இரண்டாவது தரம் கற்பூரம் கொளுத்தப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. அதற்கு மட்டும் அந்த அம்மாளை இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன். கார் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு போயிற்று. நான் மண்டபத்துக்குப் போகவில்லை. மாடியில் இருந்து தீயணைப்பு வண்டியின் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த மாதம் அருள் அந்தத் தேரை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

ஒன்றும் நடக்காதபடியால் நான் செய்ததற்கு நியாயமே இல்லாமல் போயிற்று. 'கற்பூரம் மிதிச்ச மாஸ்டர்' என்று பெயர் நிலைத்தது. சிரிப்புக்குத்தான் முதலில் சொன்னார்கள். பிறகு மாலாவின் முதல் பிள்ளை பிறந்து பதினொரு நாளில் போனது. அதன் பிறகு ஒருவரும் சிரித்துச் சொல்லவில்லை. செத்த வீட்டில் பெரியம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். ஒஸ்லோவில் பனியில் வழுக்கி விழாத தமிழன் இல்லை, ஆனால் யோகன் விழுந்து கால் முறிந்தபோது அதுவும் என் தலையில் வந்தது. மூடநம்பிக்கை என்று தள்ள முடியாதா என்பீர்கள். பகலில் தள்ளினேன். ஆனால் இரவில் தொலைபேசி அடித்தால், அந்த வீட்டிலிருந்தோ என்று எடுக்காமல் மணியை எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு அவர்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளின் காய்ச்சலையும், பரீட்சைகளையும், வாகனம் ஓட்டப் பழகியதையும் நான் தூரத்தில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அது பெற்றோலா, தண்ணீரா? தண்ணீர் என்றால் அந்தக் குடும்பத்தின் விளக்கை வீணாக அணைத்தவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஒரே கேள்வி.

அருள் போன மாரியில் இறந்தான். திராமனில் அவனுடைய முப்பத்தோராம் நாளுக்குப் போக ஒஸ்லோ நிலையத்தில் ரயில் மாறினேன். எதிர் இருக்கையில் மாலா. தலை நரைத்துவிட்டது. யோகன் காலையிலேயே உதவிக்குப் போய்விட்டானாம். இவ்வளவு காலத்தில் நானும் அவளும் தனியே கதைத்ததில்லை. ஆஸ்கர் நிலையம் தாண்டிச் சுரங்கம் தொடங்கியது. நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பத்து மூன்றில் அவள் பேசினாள்.

"மாஸ்டர், அண்டைக்கு எனக்கும் மணந்தது."

நான் பார்த்தேன்.

"சீற்றுக்குக் கீழாலை வந்தது. கண் எரிஞ்சு தண்ணி ஓடிச்சுது. நான் அழுறன் எண்டு பக்கத்திலை இருந்தவை லேஞ்சியாலை துடைச்சுவிட்டவை. கதவுப் பிடியை நான் விடவேயில்லை. மண்டபத்தடியிலை இறங்கேக்கை உடுத்திருந்த சீலைக் கரையும் மணந்தது."

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"பொம்பிளை என்னெண்டு சொல்லுறது? வந்து ஐஞ்சு நாள். ஆரைத் தெரியும் எனக்கு?"

"பேந்து?"

அவள் இருண்ட ஜன்னலைப் பார்த்தாள். "பேந்து சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளை போனவுடனை எல்லாரும் உங்களைத்தான் சொல்லிச்சினம். எனக்கு அது ஆறுதலாக் கிடந்தது, மாஸ்டர். ஆரையாவது சொல்லோணும்தானே. இல்லாட்டி என்னை எல்லோ சொல்லுவினம். நானும் என்னை எல்லோ சொல்லுவன்."

எண்ணிக்கை எங்கோ விடுபட்டுவிட்டது. சுரங்கம் எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. வெளிச்சம் வந்தபோது அவள் கைப்பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து, பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

அருளின் வீட்டில் பெரியம்மா கதிரையில் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த இளம் பிள்ளைகளுக்குச் சத்தமாகச் சொன்னார்: "இவர்தான் உங்கடை மாலா மாமியின்ரை கலியாணத்திலை கற்பூரத்தை மிதிச்சவர்!"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மாலா பாயசச் செம்போடு நின்றாள். அகப்பை செம்புக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் முகத்தில் நான் கண்டது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

"ஓம், நான்தான்," என்றேன். "அப்ப எனக்கு விசர் பிடிச்சிருந்தது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அகப்பை மறுபடி அசைந்தது. என் பேணி நிரம்பி வழியும்வரை ஊற்றினாள்.

ஃபோர்னேபுவில் இப்போது விமானம் இறங்குவதில்லை. அங்கே அலுவலகங்களும் வீடுகளும் இருக்கின்றன. எங்கள் மாடி வாசலில் காரைச் சுற்றிக் கற்பூரம் காட்டுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆயிற்று. மண்டபங்களில் புகை கண்டால் அலறும் கருவிகள் வந்துவிட்டன. புதிதாக வாங்கும் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரம். இந்தப் பிள்ளைகளில் சிலர் பெற்றோலை முகர்ந்தே இருக்கமாட்டார்கள். அன்று வாசலில் நின்ற பத்தொன்பது பேரில் எட்டுப் பேரைத்தான் அருள் வீட்டில் எண்ண முடிந்தது. அந்த ஈரம் என்ன என்று அறிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் மாலை போட்ட படத்தில் இருந்தான். மிச்சம் இரண்டு. அதில் எனக்கு எழுபத்தாறு. நான் போன பிறகு அவளுக்கு என்றைக்காவது அதை யாருக்கேனும் சொல்ல வேண்டும்போல் இருந்தால், எதிரில் யார் இருப்பார்கள் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.