சித்தி குடிக்காத பால்

என் சித்தி வேலை முடிந்து வரும்போது பின்னாலேயே இரண்டு பூனைகள் வரும். பால் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று பாக்கெட் அடுக்குகிறவள் மேல் பால் வாடை அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? வாசல் வரை நம்பிக்கையோடு வரும். அவள் கதவைச் சாத்தியதும், ஏமாற்றியது நான்தான் என்பதுபோல் என்னை முறைக்கும். ஊரில் இத்தனை வீடு இருக்க, பாலே இல்லாத வீடாகப் பார்த்து வந்தது அதுகள் தலையெழுத்து.

அம்மாவும் நானும் பால் குடிக்காததற்குக் காரணம், வாங்க முடியாதது. சித்தியின் காரணம் வேறு. பால், தயிர், நெய், முட்டை, கறி, மீன் எதையும் அவள் தொடமாட்டாள். இதற்கு ‘வீகன்’ என்று பெயராம். ஏ.சி. போட்ட கடையில் அதற்கென்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு டப்பா பாதாம் பாலின் விலையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். சித்தி தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டே, “நம்ம கஞ்சித்தண்ணிய டப்பால அடைச்சு அங்க கொண்டுபோய் வையிடி, நாமளும் பணக்காரங்க ஆயிடலாம்” என்றாள்.

காரணத்தை அவள் ஒரே ஒரு முறை, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். கம்பெனிக்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு மாட்டுப் பண்ணையில் இருந்தாள். காளைக்கன்று பிறந்தால் மூன்றாம் நாள் அடிமாட்டு வண்டி வரும். கன்று கத்தாமல் வண்டி ஏற, முதலாளி ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். அதன் வாயில் இரண்டு விரலை வைத்தால் போதும், மடி என்று நினைத்துச் சப்பிக்கொண்டே பின்னால் வந்துவிடும். அப்படித்தான் ஒவ்வொன்றையும் கூட்டிப்போனாளாம். சொல்லிவிட்டு விரலை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். 

சித்தி சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகும். அம்மா தைக்கிற ரவிக்கைகளும் சித்தியின் மிச்சச் சம்பளமும் சேர்ந்து எங்கள் மூன்று பேரையும் எப்படியோ இழுத்துக்கொண்டு போயின. காய்கறிக்காரம்மா கடை கட்டும் நேரத்தில் வாடின கீரையைச் சும்மா தருவார். ஆனால் கீரையைத் தின்றுவிட்டு எட்டு மணி நேரம் நிற்க முடியாதே. பருப்பும் கடலையும் வேண்டும். அதற்குச் சித்தி கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. கம்பெனியில் ஆளுக்குத் தினம் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று கொடுப்பார்கள். அதை அப்படியே தெருமுனை மளிகைக்காரரிடம் கொடுத்துவிடுவாள். அவர் வாரக் கடைசியில் உடைந்த பருப்பும் நிலக்கடலையும் கட்டித் தருவார்.

“பால் வேணாம்ங்கற, ஆனா பாலாலதான் சாப்பிடற” என்று ஒருநாள் சீண்டினேன். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தெரியுதுடி. வேற வழி தெரியல” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இதில் மண்ணை அள்ளிப் போட்டது என் வாய். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மத்தியான நேரத்தில் மளிகைக்கடை வாசல்தான் எனக்குப் பொழுதுபோக்கு. பால் வாங்க வந்த ஒரு அம்மா பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உன் சித்தி ஏன் இதைக் குடிக்காமல் இங்கே கொடுக்கிறாள் என்று கேட்டார். நான் முகத்தை ரொம்ப சோகமாக வைத்துக்கொண்டு, “உள்ள வேலை பாக்கறவங்களுக்குத்தானே தெரியும்” என்றேன். அந்த அம்மா பாக்கெட்டைச் சூடு பட்டதுபோல் கீழே வைத்ததைப் பார்த்து, வீடு வரை சிரித்துக்கொண்டே போனேன்.

நாலே நாளில் தெருவில் பாதிப் பேர் வேறு பால் வாங்கினார்கள். யாரோ பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் ஆட்களே குடிக்காத பாலை எங்களுக்கு விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்கள். மறுநாளே உத்தரவு வந்தது. இனிமேல் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கம்பெனி கேட்டிலேயே வெட்டி ஊற்றிக் குடித்துவிட்டுப் போக வேண்டும்.

பாக்கெட்டைக் கடையில் கொடுத்தது அவள்தான் என்று தெரிந்து, சித்தியை மட்டும் மேனேஜர் முன்னால் கூப்பிட்டார். அதைச் சொன்னது அவளோடு அதே மெஷினில் நிற்கிற அக்கா. எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, மேஜையில் ஒரு டம்ளர் பாலை வைத்திருக்கிறார். ஒரே ஒரு வாய் குடித்துக் காட்டு, புரளி அடங்கிவிடும், உன் வேலையும் நிலைக்கும் என்று தன்மையாகத்தான் சொன்னாராம். சித்தி டம்ளரை எடுத்தாளாம். வாய் வரை கொண்டுபோய், கீழே வைத்துவிட்டாளாம்.

“பால்ல ஒரு குத்தமும் இல்லீங்க சார். நல்ல பால்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். குடிக்க மட்டும் முடியாது. வேற என்ன வேலை இருந்தாலும் குடுங்க.”

கொடுத்தார்கள். பின்பக்க முற்றத்தில், பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் கழுவுகிற வேலை. அங்கே இருப்பவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள், பாக்கெட் கிடையாது. சித்தி சோப்புத் தண்ணி வாடையோடு வர ஆரம்பித்தாள். பூனைகள் அவளைக் கைவிட்டன.

பருப்பு டப்பா காலியானது. மத்தியானத்துக்கு உப்புப் போட்ட கஞ்சி, வந்ததும் அதே கஞ்சி. கைப்பிடியைப் பிடிக்காமல் அவளால் படியேற முடியவில்லை. ஒரு முட்டையாவது சாப்பிட்டுத் தொலை, நீ என்ன பெரிய சாமியாரா என்று அம்மா கத்தினாள். “சாமியார்னா நாலு பேரு கொண்டாந்து குடுப்பாங்கக்கா” என்று சித்தி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், வெகுநேரம் மெஷின் ஓடவில்லை.

நான் மளிகைக்காரரிடம் போனேன். பால் வியாபாரம் படுத்துவிட்ட கடுப்பில் இருந்தார். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆளும் அவர்தான். “உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்றார். மூன்று நாள் போய் நின்றேன். நான்காம் நாள் ஒரு மூட்டைப் பருப்பையும் ஒரு முறத்தையும் காட்டினார். கல் பொறுக்க வேண்டும். கூலியாக உடைந்த பருப்பு.

கடைக்குப் பின்னால் இருட்டு அறையில் உட்கார்ந்து பொறுக்கினேன். வாரக் கடைசியில் கிடைத்ததை வீட்டு டப்பாவில் யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

சித்தி மூன்று மணிக்கு வந்தாள். அம்மா பருப்பும் சோறும் போட்டுக் கொடுத்தாள். நாலு வாய் சாப்பிட்டவள் நறுக்கென்று நிறுத்தி, வாயிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

“நாளைக்கு வெளிச்சத்துல உக்காந்து பொறுக்கு” என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, “சித்தி, அன்னிக்குக் கடையில நான்தான்…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்டி. கடைக்காரரு அன்னிக்கே சொல்லிட்டாரு. நீயும் சாப்பிடு.”

இன்னும் இரண்டு கல் வந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவக்கூட எழாமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். சோப்புத் தண்ணியில் ஊறி வெளுத்த விரல்களில் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், எழவில்லை. தட்டையும் நானே கழுவி வைத்தேன்.