கேன்டீனைப் புறக்கணித்த மதியம்

ஆஸ்திரேலியாவில் படிக்கப் போன நம் பிள்ளைகளை நிறத்தைச் சொல்லி அடிக்கிறார்கள் என்று டிவியில் தினமும் காட்டிக்கொண்டிருந்த வருடம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் வேலை எனக்கு; தொழிற்சங்கத்தில் துணைச் செயலாளர் வேறு. எங்களுக்கு ரத்தம் கொதித்தது. உண்மையிலேயே கொதித்தது; அதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன்.

முதலில் கறுப்பு பேட்ஜ் என்று முடிவாயிற்று. என் பழைய குடையைக் கிழித்துத் துணி எடுத்தோம். குத்திப் பார்த்தால், உலைப் பக்கம் வேலை செய்கிறவன் சட்டையில் கறுப்பு எங்கே தெரியும்? கரியோடு கரி. வெள்ளை பேட்ஜ் குத்தலாம் என்றார் ஒருவர்.

"வெள்ளக்காரன எதுத்து வெள்ளத் துணியா? இன்னாபா பேசுற நீ?" என்று எகிறினார் சங்கத் தலைவர்.

கறுப்பே இருக்கட்டும், கூடவே எங்கள் வழக்கப்படி கேன்டீனையும் புறக்கணிப்போம் என்று தீர்மானித்தோம். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி கேன்டீன் வாசலில் நின்று கோஷம். பிறகு உள்ளே போய்ச் சாப்பாடு. கண்டனம் ஆஸ்திரேலியாவுக்கு, கேட்டது வாட்ச்மேன் மட்டும்.

கோஷம் சூடுபிடித்தபோது உள்ளே தட்டுச் சத்தம். சாம்பார் ஆறுகிறதே என்று கேன்டீன்காரர், ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். அவர்கள் எப்போதும் பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால், வெயிலில் குந்திச் சாப்பிடுகிறவர்கள். அப்படி விதி எதுவும் கிடையாது. நாங்கள்தான், அவர்கள்மேல் நாற்றமடிக்கிறது என்று சொல்லிச் சொல்லி வழக்கமாக்கியிருந்தோம்.

"நாம பட்டினி கெடக்குறோம், இவனுங்க ஃபேனுக்குக் கீழ குந்திகினு துன்றானுங்க. போராட்டத்தையே ஒடைக்கிறானுங்கபா. போய் எழுப்பு" என்றார் தலைவர் என்னிடம்.

முதல் பெஞ்சில் இருந்தவன் எனக்கு எதிரே நின்று வேலை செய்கிறவன். பழுக்கக் காய்ந்த கம்பியை நான் இடுக்கியால் தள்ள, அந்தப் பக்கம் அவன் வாங்குவான். என் கை தவறினால் அவன் கால் போகும்.

"அண்ணா, இன்னிக்கு உள்ள சாப்பாடு!" என்று சிரித்தான்.

எழுந்திரு என்றேன்.

"பாதி இருக்கு அண்ணா. அஞ்சு நிமிஷம்."

முடியாது என்றேன். ஆஸ்திரேலியாவில் நம் ஆட்களை நிறத்தைப் பார்த்து அடிக்கிறார்கள், அதற்குத்தான் போராட்டம் என்று விளக்கினேன். அவன் முகம் மாறிவிட்டது.

"நம்ம ஆளையா?"

தட்டோடு எழுந்து வந்து எங்கள் வரிசையில் நின்றான். பாதி புரியாத தமிழில், எல்லாரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்டான். மற்றவர்கள் குவியலுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

அரை மணி முடிந்தது. போராட்டம் வெற்றி என்று தலைவர் அறிவிக்க, சாப்பிடப் போனோம். அவனும் பாதிச் சோற்றோடு பின்னாலேயே வந்தான். வாசலில் நான் கை நீட்டி மறித்தேன். என் பேட்ஜைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"நாளைக்கும் போராட்டம் இருக்கா அண்ணா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பசி, உள்ளே போய் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.