மியூட் போட்ட பிறகும்...

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதில் ஒரு வரிகூட நான் கைச்சரக்காகச் சேர்க்கவில்லை. யாருக்கு நடந்ததோ அவளே எதிரில் உட்கார்ந்து சொன்னது. சொல்லி முடிக்கும்வரை அவளுடைய இரண்டு கைகளும் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

பேய் என்றாலே நடுச்சாமம், மழை, கரண்ட் போன வீடு என்று எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் மூன்று இருபதுக்கு. நாலாவது மாடி வீட்டில், தலைக்கு மேலே ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது.

அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. வேறு பெயர் வைத்தாலும் ஒட்டாது. பல் செட் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை. காலை ஆறரைக்குப் போனால் மத்தியானம் ஒரு மணிக்கு விட்டுவிடுவார்கள். மற்றபடி, ஐந்து பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். நாலே நாலு தடிமனான கம்பி, அடிவயிற்றில் போய் உட்காரும் சத்தம். பாட்டில் அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. நின்றுபோனால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கணவனுக்கு ஒரு பெரிய பேக்கரியில் ராத்திரி ஷிப்ட். விடியவிடிய அடுப்பின் முன்னால் நிற்கும் வேலை. காலையில் வந்து படுத்தால் மத்தியானம் நாலு மணிக்குத்தான் கண் திறப்பான். தூக்கம் கெட்ட ஒருநாள் அடுப்படியில் கண் அயர்ந்து, முன்கை முழுக்கச் சுட்டுக்கொண்டு வந்தான். அதிலிருந்து அவன் தூங்கும் நேரத்தில் நெட்டை வீட்டுக்குள் பூனை மாதிரிதான் நடப்பாள். ஆனால் அவளுக்கு வாசித்துப் பழகக் கிடைப்பதும் அந்த நேரம்தான். போதாக்குறைக்கு, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அவளுடைய ஆம்ப் பெட்டியும் புகைந்துபோயிருந்தது.

வழி சொன்னவர் குழுவின் சவுண்ட்காரர்.

“அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு எத்தனை நாளைக்கு நாலு மாடி ஏறி இறங்குவ? இடுப்பு கழண்டுடும். காலடியில வைக்கிற பிரீஆம்ப் பெடல் ஒண்ணு வச்சுக்கோ, ஆம்ப் வேலையை அதுவே பாத்துக்கும். மேடையில கிட்டாரை அதுல சொருகி, அதுலேர்ந்து நேரா என் சவுண்ட் மிக்ஸருக்குக் கொடுத்துடலாம். வீட்ல ஹெட்ஃபோனைச் சொருகிக்கோ. பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குக்கூடக் கேக்காது.”

வாசிப்பதையே விட்டுவிட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் அப்படி ஒரு பெடல் சும்மா கிடக்கிறது என்றும் அவரே சொன்னார்.

நெட்டை போனாள். மெக்கானிக் கதவை ஒரு சாண் அளவுக்கு மட்டும் திறந்தார். அந்த இடுக்கு வழியாக ஒரு துணிப்பை வெளியே வந்தது.

“எடுத்துட்டுப் போங்க. எனக்கு எதுவும் வேண்டாம்.”

“ஒரு தடவை சொருகிப் பாத்துடட்டுமா சார்?”

“இங்க வேண்டாம். உங்க வீட்ல போய்ப் பாருங்க.”

கதவு சாத்திக்கொண்டது. சரி, ஆள் சிடுமூஞ்சி போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. மேலே ஐந்து குமிழ்கள். கீழே காலால் அழுத்த இரண்டு பொத்தான்கள். ஒன்று சத்தத்துக்குக் கரகரப்பு ஏற்றும். இன்னொன்று மியூட். அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பெடலிலிருந்து எந்தச் சத்தமும் எந்தப் பக்கமும் போகாது. ட்யூனர் முள்ளைப் பார்த்துச் சுருதி சேர்க்கும்போது ‘டொய்ங் டொய்ங்’ என்று ஊருக்கே கேட்காமல் இருப்பதற்காக.

முதல் வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கரகரப்பைக் கால்வாசி திருகி, அசல் சத்தத்தோடு பாதிக்குப் பாதி கலந்து, அடித்தொனியை ஒரு நூல் தூக்கிவிட்டாள். ஹெட்ஃபோனில் கேட்டது அவளுடைய சொந்தக் குரல் மாதிரி இருந்தது. எட்டு வருஷமாக வாசிக்கிறாள். தன் வாசிப்பு இப்படி இருக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை.

முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்ததால் மியூட்டை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. குனிந்து முறுக்காணியைத் திருகினாள்.

டொக்... டொக்... டொக்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ஹெட்ஃபோனைக் கழற்றினாள். ஃபேன் சத்தம் மட்டும். எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தாள். ஆள் இல்லை. மணி பார்த்தாள். 3:20.

புதன்கிழமை மறுபடியும். அதே மூன்று தட்டு. அதே 3:20. பழைய கேபிள், ஏதோ முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று புதுக் கேபிள் மாற்றினாள்.

வியாழக்கிழமை 3:19-க்குக் கிட்டாரிலிருந்து கேபிளையே உருவிப் போட்டுவிட்டு, மியூட்டையும் அழுத்திவிட்டு, ஹெட்ஃபோனோடு காத்திருந்தாள். பெடலுக்குள் எதுவும் போகவில்லை. பெடலிலிருந்து எதுவும் வரவும் கூடாது.

டொக்... டொக்... டொக்.

அன்று சாயங்காலம் கணவன் முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“மூணு நாளா பாக்கிறேன். மத்தியானம் எதுக்குச் சுவத்தைத் தட்டுற?”

“நான் தட்டலையே.”

“அப்ப எங்க மேனேஜரா வந்து தட்டினாரு, ரொட்டி வேகலைன்னு?”

அவள் சிரிக்கவில்லை.

“எந்தச் சுவர்?”

“தலைமாட்டுச் சுவர்.”

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது. மாடம் கிடையாது. குழாய்கூடக் கிடையாது. நாலு மாடி உயரத்துக்கு வெறும் காற்று.

சனிக்கிழமை ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. வேறு ஆம்ப் இல்லாததால் அந்தப் பெடலோடுதான் போனாள். மத்தியானம் விருந்து நடக்கும்போதே கச்சேரி. இரண்டாவது பாட்டு முடிந்ததும் நெட்டை மியூட்டை அழுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பாடகி மைக்கில் ஏதோ பேச வாயைத் திறந்தாள்.

டொக்... டொக்... டொக்.

மண்டபத்தின் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலும் அதிர்ந்தது. முந்நூறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த பாட்டுக்குத் தாளம் எண்ணுகிறாள் என்று நினைத்து டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிவிட்டான். கூட்டத்தில் சிரிப்பு.

“நெட்டை, கிட்டாரைத் தட்டாதே!” சவுண்ட்காரர் கையை ஆட்டினார்.

அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். ஒரு கையில் பாட்டில். இன்னொன்றில் மூடி.

டொக்... டொக்... டொக்.

சவுண்ட்காரர் பேஸ் சத்தத்தை அடியோடு இறக்கினார். தட்டு நின்றது. கச்சேரி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, மிக்ஸரில் பேஸுக்கான விளக்கு வரிசையைக் காட்டினார்.

“மியூட்தானே போட்டிருந்த?”

“ஆமா.”

“விளக்கு எரிஞ்சுது. மூணு மூணா எரிஞ்சுது. முப்பது வருஷமா இந்த வேலை பாக்கிறேன்... இப்படிப் பாத்ததில்ல.” பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். “பெடல்ல எங்கயோ ஈயம் விட்டிருக்கும். பிரிச்சுப் பாத்துடலாம், செவ்வாய்க்கிழமை கொண்டா.”

திங்கட்கிழமை. அவள் பெடலைத் தொட்டிருக்க வேண்டாம். ஆனால் புதுப் பாட்டு ஒன்று கையில் ஏறவே இல்லை, ஒத்திகை மறுநாள். நாளைக்குப் பிரித்துவிடப் போகிறோம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

3:12. வாசித்துக்கொண்டிருந்தாள்.

3:17. விரல்கள் வியர்த்தன. நிறுத்தவில்லை.

3:20. ஒன்றும் இல்லை.

3:21. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்த மூச்சுக்குப் பின்னால், ஹெட்ஃபோனுக்குள், இன்னொரு மூச்சு கேட்டது.

நீளமாக. ஈரமாக. காதுக்குள்ளேயே.

அவள் மியூட்டை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

டொக். டொக். டொக்.

இந்த முறை இடைவெளி இல்லை.

டொக்டொக்டொக்டொக்...

நின்றது.

பிறகு ஒரு குரல். சின்னக் குரல். பெண் குரல்.

“அண்ணா...”

அவள் குனிந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“அண்ணா... தண்ணி...”

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். வீடு அமைதியாக இருந்தது.

ரொம்ப அமைதியாக இருந்தது.

படுக்கையறையிலிருந்து எப்போதும் வரும் குறட்டை... வரவில்லை.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

கணவன் மல்லாந்து படுத்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. கூரையைப் பார்த்தபடி. இமைக்காமல்.

“ஏய்...”

கிட்டே போனாள்.

“ஏய்! என்னைப் பாரு!”

கண்மணி மட்டும் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வேறு எதுவும் அசையவில்லை. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை தொப்பென்று விழுந்தது.

மறுபடி உலுக்கினாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் மாதிரி அவன் ஒரு பெரிய மூச்சை இழுத்தான். உடம்பு தூக்கிப் போட்டது. எழுந்து உட்கார்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

“கை கால் அசையல... உன்னைக் கூப்பிட்டேன்... சத்தம் வரல...”

“கனவு... கனவுதான்.”

“இல்ல. யாரோ இங்க நின்னாங்க.” தலைமாட்டைக் காட்டினான். “தண்ணி கேட்டாங்க.”

தூங்கி எழுந்ததும் குடிப்பதற்காக அவன் எப்போதும் தலைமாட்டில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வான். விளிம்புவரை ஊற்றி வைத்துவிட்டுத்தான் அன்றும் படுத்தான்.

டம்ளர் காலியாக இருந்தது. தரை காய்ந்திருந்தது.

சவுண்ட்காரருக்குப் போன் போட்டாள்.

“அந்த மெக்கானிக்குக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது உண்டா?”

“ஒருத்தி இருந்தா. அவர் கூடத்தான் இருந்தா. ரெண்டு வருஷம் படுத்த படுக்கை. போன வருஷம் போயிட்டா. ஏன்?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

5:40-க்குக் கணவனும் அவளுமாக மெக்கானிக் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் துணிப்பையைப் பார்த்தார். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தார். இந்த முறை கதவை முழுசாகத் திறந்தார்.

பெடலை அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்தார் என்று இவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கணவன் அடுத்த மாதமே சண்டை போட்டுப் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டான். நெட்டை புகைந்த ஆம்ப்பைச் சரிசெய்து, இன்றுவரை நாலு மாடி தூக்கிக்கொண்டுதான் திரிகிறாள். காதில் ஹெட்ஃபோன் மாட்டுவதே இல்லை. இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அந்த வீட்டில் பேசிய கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் அவள் எனக்கு இரண்டு முறை சொன்னாள்.

“மூணு தட்டா?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

“ஆமா சார்.”

“எனக்கும் கேட்டுது. பெடல் வந்த புதுசுல. யார்கிட்டயோ வாங்கின பழைய பெடல், ஏதோ லூஸ் கனெக்ஷன்னு விட்டுட்டேன். அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ... தட்டு வேகமா வந்துது. நான் ஹெட்ஃபோனைக் கழட்டல. நல்லா வந்துட்டிருந்த பாட்டு. விட மனசில்ல. நாப்பது நிமிஷம் வாசிச்சேன்.” எதிரே இருந்த அறையைக் காட்டினார். “அவ அங்க தூங்கிட்டிருந்தா. மத்தியானத் தூக்கம். நல்லா இருந்தவதான். நான் போய்ப் பாக்கும்போது கண்ணு மட்டும் திறந்திருந்துது. அப்புறம் ரெண்டு வருஷம்... கண்ணு மட்டும்தான் அசைஞ்சுது. பாக்காத டாக்டர் இல்ல. என்ன வியாதின்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல.”

கணவன் நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பெடலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைச்சேன். நினைச்சுக்க ஆசைப்பட்டேன். அதனாலதான் கொடுத்தேன். என்னை மன்னிச்சுடுங்க.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நெட்டைக்குக் கோபம் வரவில்லை. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் போலிருந்தது.

“அவங்களுக்கு உங்க மேல கோபம் இல்ல சார். பாசமாத்தான் கூப்பிட்டாங்க. நான் கேட்டேன்.”

அவர் கையை முகத்திலிருந்து எடுத்தார்.

“குரல் கேட்டுதா?”

“ஆமா. அண்ணா, அண்ணான்னு. தண்ணி வேணும்னு. உங்க தங்கச்சி உங்களைத்தான் தேடுறாங்க.”

அவர் கையிலிருந்த பையைக் குனிந்து பார்த்தார். துணிப்பையைத் தரையில் வைத்தார். இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“எனக்குத் தங்கச்சியே கிடையாதும்மா...”

அறையைத் திரும்பிப் பார்த்தார்.

“படுத்துக் கிடந்தது எங்க அக்கா.”